எட்டு முழக் கயிறும் ஒரு பொய்யும்

1

ஜெர்மனியின் வடக்கு ஓரத்தில் இருக்கும் இந்தத் துறைமுக ஊருக்கு நான் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த ஒன்பது வருடத்தில் அரசாங்கம் என் வீட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் முறை வந்தவர் புகைபோக்கியைச் சோதித்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டாம் முறை வந்தவர்கள், நான் என் மூன்று வயது மகளை ஆப்பிள் மரத்தில் கட்டிப்போட்டது உண்மையா என்று கேட்டார்கள்.

உண்மைதான். எட்டு முழக் கயிறு. இடுப்பில் ஒரு சுற்று, முடிச்சு முதுகுப் பக்கம்.

இதில் என்ன இருக்கிறது என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் குப்பங்களில் ஒன்று எங்களுடையது. வாசலில் இறங்கி இந்தப் பக்கம் நடந்தால் ஏரி, அந்தப் பக்கம் நடந்தால் கடல். படகு கரை சேர்ந்ததும் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏலத்துக்கு ஓட வேண்டும். அப்போதுதான் நடக்கத் தொடங்கிய பிள்ளையை என்ன செய்வது? பழைய வலையிலிருந்து அறுத்த கயிற்றை இடுப்பில் கட்டி, மறு முனையைக் கொட்டகைக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போவார்கள். கயிற்றின் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பிள்ளை நிழலுக்குப் போக வேண்டும், தண்ணீர்ப் பானைக்குப் போக வேண்டும், அடுப்புக்கும் அலைக்கும் போகக் கூடாது. வழியில் போகிறவர்கள் நின்று மூக்கைத் துடைத்துவிட்டு, கையில் பொரி இருந்தால் ஒரு பிடி கொடுத்துவிட்டுப் போவார்கள். நானும் என் தம்பி செல்வமும் அப்படிக் கட்டுண்டு வளர்ந்தவர்கள்தான். தண்ணீரில் போன பிள்ளைகள் எல்லாம் கட்டாமல் விட்ட பிள்ளைகள் என்று அம்மா சொல்வாள்.

இங்கே எங்கள் வாடகை வீட்டுத் தோட்டத்தின் முடிவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. வேலி கிடையாது. அன்றைக்கு என் மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. பெரியவள் நிலாவுக்குப் பதினொரு வயது. அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். அடுப்பில் மீன் குழம்பு. தோட்டத்தில் சின்னவள் யாழினி வாய்க்கால் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய் கயிற்றை எடுத்தது. கட்டி முடித்து, இழுத்துப் பார்த்து, முடிச்சின் அழகை நானே ரசித்துவிட்டு, குழம்பைக் கிளற உள்ளே போனேன். இரண்டு நிமிடம் என்று நான் சொல்கிறேன். பதினைந்து நிமிடம் என்று அறிக்கை சொல்கிறது. குழம்பு அடிபிடித்திருந்ததால் அறிக்கை சொல்வதே சரியாக இருக்கும்.

2

வந்தது இளையோர் நல அலுவலகம். அதன் ஜெர்மன் பெயரை ஒன்பது வருடமாகச் சொல்லிப் பழகியும் எச்சில் தெறிக்காமல் எனக்குச் சொல்ல வரவில்லை. இரண்டு பெண்கள் வந்தார்கள். மூத்தவர் பெயர் ஆன்ட்ரியா. என் மனைவி வீட்டைத் துடைத்த துடைப்பில் தரை பளபளத்தது. அதில் நானே வழுக்கி விழப் பார்த்தேன். வரவேற்புக்கு இதுவே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நல்ல ஜெர்மன் வாக்கியத்தை இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 'என் மகளை நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள். பதற்றத்தில் வினைச்சொல்லை மாற்றிப் போட்டு, 'என் மகளை நான் பூட்டி வைத்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த நிலா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் என் அப்பாவை நைனா என்று கூப்பிட்டு வளர்ந்தவன். அவள் என்னைப் பப்பா என்று கூப்பிடுகிறாள். அன்றைக்கு அதையும் கூப்பிடாமல் இருந்தால் தேவலை என்பது போல உட்கார்ந்திருந்தாள்.

வங்கியில், மருத்துவமனையில், தபால் நிலையத்தில் எனக்கு மொழிபெயர்ப்பவள் அவள்தான். வா, வந்து சொல் என்று கையைக் காட்டினேன். ஆன்ட்ரியா தடுத்துவிட்டார். பெற்றோர் மீது விசாரணை நடக்கும்போது பிள்ளையை வாயாகப் பயன்படுத்தக் கூடாதாம். ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். குரலைக் கேட்டால் அறுபது வயது மதிக்கலாம், பேச்சு யாழ்ப்பாணம். "நீங்கள் பிள்ளையைக் கயித்தாலை கட்டி வைச்சனீங்களோ?" என்று அவர் கேட்ட மரியாதையில், பொய் சொல்லவே மனம் வரவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏரி, கடல், ஏலம், கம்பம், பொரி. அவர் பொறுமையாக ஜெர்மனில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் தன் சொந்தப் பொறுப்பில் ஏதோ சேர்த்தார் போலிருக்கிறது, ஆன்ட்ரியா சிரித்துவிட்டார். பிறகு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் தமிழில், "எங்கட கடற்கரைப் பக்கமும் உப்பிடித்தான் எண்டு சொல்லிப் போட்டன். நான் சொல்லக் கூடாதுதான்," என்றார். முகம் தெரியாத அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆன்ட்ரியா கயிற்றைப் பார்க்க வேண்டும் என்றார். கொண்டுவந்தேன். முடிச்சையும் போட்டுக் காட்டச் சொன்னார். நாற்காலிக் காலில் போட்டுக் காட்டினேன். அவிழ்க்க முயன்று பார்த்து, முடியாமல் விட்டுவிட்டு, நல்ல முடிச்சு என்றார். ஐரோப்பாவில் என் கைத்தொழிலுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். கப்பல் கட்டும் தளத்தில் இரும்புத் தகடுகளின் பற்றவைப்பைச் சோதிக்கும் வேலை எனக்கு. இத்தனை வருடத்தில் அங்கே யாரும் என்னைப் பாராட்டியதில்லை.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் இந்தக் குறிப்பையே எழுத வைத்தது. இந்த வீட்டுக்குள் யாராவது பிள்ளைகளை நோகடித்தால், பிள்ளைகள் வீட்டுக்கு வெளியே யாரிடம் சொல்வார்கள் என்று கேட்டார். அப்படிப்பட்டவர்கள் இந்த வீட்டில் யாரும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கேள்வி அது இல்லை என்று தொலைபேசிக்காரர் மெதுவாகத் திருத்தினார். நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியிலிருந்து நிலா ஒரு நொடிகூட யோசிக்காமல் பதில் சொன்னாள்: முதலில் டீச்சரிடம், அப்புறம் பக்கத்து வீட்டு ஹெல்காவிடம்.

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. பதினொரு வருடம் சோறு ஊட்டியவனைப் பற்றி யாரிடம் புகார் சொல்லலாம் என்று பட்டியல் வைத்திருக்கிறாளே என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவள் கவனிக்கவே இல்லை.

3

எங்களைப் பற்றித் தகவல் கொடுத்தவர் யார் என்று ஆன்ட்ரியா சொல்லவில்லை. நான் துப்பறியத் தயாராக இருந்தேன். அதற்கு அவசியமே இல்லாமல், அடுத்த நாள் ஹெல்கா தானே வந்து கதவைத் தட்டி, நான்தான் சொன்னேன் என்றார். எழுபது வயது. மாடி ஜன்னலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது பார்த்தாராம். கத்திக் கூப்பிட்டுப் பார்த்தாராம். என் சமையலறையில் புகை உறிஞ்சும் விசிறி ஓடியதில் எனக்குக் கேட்கவில்லை. என்னவென்று தெரியவில்லை, தெரிந்தவர்கள் வந்து பார்க்கட்டும் என்று போன் செய்தேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத் தெரிந்த ஊரில் இப்படிப்பட்ட காரியம் மொட்டைக் கடிதமாகத்தான் வரும். செய்துவிட்டு நேரில் வந்து சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எனவே எனக்குத் தெரிந்த வழியில் பழிவாங்கினேன். ஞாயிறுதோறும் அவருக்கு ஒரு கிண்ணம் இறால் தொக்கு கொடுப்பது வழக்கம். நிறுத்திவிட்டேன். மூன்று ஞாயிறு. அவர் வாசனை பிடிக்கட்டும் என்று வேண்டுமென்றே ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்தேன். நாற்பத்து மூன்று வயது ஆளின் வீரம் அந்த அளவில் இருந்தது.

அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. அபாயம் இல்லை, ஆனால் வாய்க்கால் பக்கம் வேலி தேவை என்று முடித்திருந்தார்கள். வேலி போட வீட்டு உரிமையாளர் சம்மதம், வாய்க்கால் நிர்வாகத்தின் சம்மதம், உயரத்துக்கு ஒரு விதி, நிறத்துக்கு ஒரு விதி. கயிறு கட்ட எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருந்தது. வேலிக்கு ஏழு வாரம் ஆயிற்று. ஆனாலும் கோப்பு மூடப்பட்டதே என்று பெருமூச்சு விட்டேன்.

அந்தக் கேள்வி மட்டும் மூடவில்லை. பிள்ளை யாரிடம் சொல்லும்?

4

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஊரில் என் தம்பி செல்வத்துக்கு ஒரு மகள், மகாலட்சுமி. மகா என்போம். ஒன்பது வயது. அவள் அம்மா மஞ்சள் காமாலையில் போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு செல்வம் குடிக்கத் தொடங்கினான். குடித்தால் பிள்ளை மேல் கை நீளும். பிள்ளை பள்ளிக்கூடம் போவது குறைந்து, கம்பெனி ஷெட்டில் பெண்களோடு உட்கார்ந்து இறால் தலை கிள்ளுவது கூடியது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் தெரிகிற அளவுக்குத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் குப்பத்து அங்கன்வாடி டீச்சர் தனம் அக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். சின்ன வயதில் மகாவுக்குச் சத்துமாவு ஊட்டியவர். போன புரட்டாசியில் அவர் குழந்தைகளுக்கான இலவச எண்ணைக் கூப்பிட்டுத் தகவல் சொல்லிவிட்டார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் இருந்து ஒரு மேடம் வந்தார். அக்கம்பக்கத்தில் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊரில் ஊர் விஷயம் ஊர் தாண்டக் கூடாது. தாண்ட விட்டவன் ஊர்க்காரன் இல்லை. பிள்ளையும் பேசவில்லை. குடும்பத்துக்கு மூத்தவர் யார் என்று அந்த மேடம் கேட்டபோது என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிறவன், படித்தவன், பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்திருப்பார்கள்.

தளத்தில் எனக்குச் சாப்பாட்டு இடைவேளை. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினேன். என் தம்பி தங்கமானவன் என்றேன். தாயில்லாப் பிள்ளை, கொஞ்சம் கண்டிப்பாக வளர்க்கிறான், அவ்வளவுதான் என்றேன். ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். அந்த மேடம் நன்றி சொல்லி வைத்துவிட்டார். நானும் மிச்ச ரொட்டியைத் தின்று முடித்தேன்.

மனச்சாட்சி கொஞ்சம் உறுத்தியது. அதனால் ஊர்த் தலைவர் தேசப்பனைக் கூப்பிட்டு, தம்பியைக் கொஞ்சம் கண்டித்து வையுங்கள் என்று சொன்னேன். வெளிநாட்டில் இருந்து பேசுகிறவன் சொல்லுக்கு ஒரு எடை உண்டு. அதை அனுபவிப்பதில் எனக்கும் ஒரு சுகம் உண்டு. கூட்டம் கூட்டினார்கள். செல்வத்துக்குப் பாடு நிறுத்தினார்கள்.

பாடு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஏரியில் இறாலுக்கு வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். வலைக்காரர்கள் நிறைய. அதனால் ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கிறவர்களுக்குச் சீட்டுப் போட்டு, முறை வைத்து இடம் கொடுப்பார்கள். உன் முறையில் நீ வலை கட்டலாம். தப்புச் செய்தவனுக்கு முறை வராது. அடி இல்லை, உதை இல்லை, போலீஸ் இல்லை. எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஐப்பசியும் கார்த்திகையும் இறால் காலம். அந்த இரண்டு மாதமும் செல்வம் ஏரிக்குப் போகவில்லை. ஒரே போனில் ஊர் நியாயத்தை நடத்திவிட்டேன் என்று நான் என் மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஏரிக்குப் போகாதவன் எங்கே இருப்பான் என்று யோசிக்கும் புத்தி எனக்கு இல்லை. வீட்டில்தான் இருந்தான், பகல் முழுக்க, பிள்ளையோடு.

சித்திரை மாதம் வீடியோவில் மகா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். பழவேற்காட்டுச் சித்திரை வெயில். நான் கேட்டேன், என்ன மகா, குளிருதா, ஜெர்மனியில் நான் இருக்கிறேனா நீ இருக்கிறாயா என்று. என் நகைச்சுவைக்கு நானே சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

5

வேலிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். செல்வம் வெளியே போயிருந்தான். போன் மகா கையில் இருந்தது. அதே முழுக்கைச் சட்டை. யாழினியைக் காட்டினேன், ஆப்பிள் மரத்தைக் காட்டினேன், கயிற்றுக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று தோன்றியதும், ஆன்ட்ரியாவின் கேள்வி என் வாயில் வந்துவிட்டது. திட்டம் ஒன்றும் இல்லை. அந்தக் கேள்வி எங்களுக்கு எவ்வளவு அபத்தமானது என்று சேர்ந்து சிரிக்கத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"மகா, யாராச்சும் உன்ன அடிச்சா நீ யார்கிட்ட சொல்லுவ?"

அவள் முதலில் வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் பெரிப்பா. சொன்னா நைனாவுக்குப் பாடு பூடும்."

நான் வேறு ஏதோ பேசி அழைப்பை முடித்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் கொடுத்த தண்டனையைச் சுமந்தவள் அவள். அதன் கணக்கை எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவளும் அவள். வாயைத் திறந்தால் பாடு போகும், பாடு போனால் அடி கூடும். ஒன்பது வயதில் அவள் கற்றிருந்த பாதுகாப்பு அது. அதைக் கற்றுக்கொடுத்தவன் நான். நிலாவிடம் ஒரு டீச்சரும் ஒரு ஹெல்காவும் இருந்தார்கள் என்பதற்காக மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்த அதே ஆள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் கெட்டிக்காரன்கூட இல்லை. ஆனால் என் புளுகு எட்டு மாதம் ஓடியிருந்தது.

6

உடனே போனை எடுத்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான் முதலில் செய்தது, என் மனைவியிடம் போய் இரண்டு பக்கமும் பேசியது. தம்பிதானே, ஒரே ரத்தம், அவனுக்கும் மனைவி போன துக்கம், ஊர் என்ன சொல்லும், பட்டியலில் என் பெயர் இருக்கிறதே. அவள் யாழினியின் ஈரத்துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கடைசித் துணியையும் போட்டுவிட்டு, "ஹெல்காவுக்கு நாம யாருங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பட்டியல் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நான் வலை கட்டிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. துறைமுகம் வேண்டாம் என்று கொடி பிடித்த ஊரில் இருந்து காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆள் நான். அங்கிருந்து இங்கே. ஆனாலும் நைனா வழியில் வந்த என் பெயர் பாடு பட்டியலில் இருந்தது. தளத்தில் புதிதாக வருகிறவர்களிடம்கூட, எனக்கு ஒரு ஏரியில் பங்கு இருக்கிறது என்று சொல்லுவேன். அவர்கள் என்னை ஜமீன்தார் என்று நினைத்தால் நான் மறுப்பதில்லை.

இலவச எண்ணைக் கூப்பிட்டேன். வெளிநாட்டில் இருந்து அந்த எண் கிடைக்காது என்று இயந்திரக் குரல் இரண்டு மொழியில் சொன்னது. கடமை முடிந்தது, முயற்சி செய்தேன் என்று ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. அவ்வளவு கேவலமான நிம்மதி. பிறகு தனம் அக்காவைக் கூப்பிட்டேன். நீங்களே இன்னொரு முறை தகவல் சொல்லிவிடுங்கள் அக்கா என்றேன். ஆப்பு வைக்கிற வேலையை அடுத்தவர் கையால் செய்யப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"நான் சொன்னேன் ஏழுமல. நீ இல்லன்ட்ட. அவங்க உன் பேச்சத்தான் எய்தினு போனாங்க. இப்ப நீயே சொல்லு."

அந்த மேடத்தின் நேரடி எண்ணை அனுப்பி வைத்தார். திங்கட்கிழமை அதே சாப்பாட்டு இடைவேளையில், அதே இரும்புப் படிக்கட்டில் நின்று கூப்பிட்டேன். அன்றைக்கு ரொட்டியைப் பையில் இருந்து எடுக்கவில்லை. பெயரும் ஊரும் சொன்னதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. கோப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"போன தடவ ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே சார். இப்ப அடிக்கிறாருன்னு சொல்றீங்க. எது நிஜம்?"

"இப்ப சொல்றதுதான் மேடம். அப்ப சொன்னது பொய்."

சொல்லிவிட்டு அதே படிக்கட்டில் உட்கார்ந்தேன். இங்கே நான் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன். விரிசலைப் பார்த்தும் கையெழுத்துப் போட்டிருந்தால் என்னை என்றைக்கோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த மேடம் திட்டவில்லை. பிள்ளையை வைத்துக்கொள்ளத் தகுந்த சொந்தம் வேறு யார் இருக்கிறார்கள், அவள் யாரோடு ஒட்டுதலாக இருப்பாள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

இரண்டு நாளில் அந்த அலுவலகத்திலிருந்து மகாவைப் பார்க்கப் போய்விட்டார்கள். தனம் அக்காவும் கூடவே போனார். மருத்துவர் பார்த்தார். முழுக்கைச் சட்டைக்குள் இருந்ததை அவர் எழுதிக்கொண்டார். நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. குழந்தைகள் நலக் குழு மகாவை மாவட்டத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருக்கச் சொன்னது. மீஞ்சூரில் இருக்கும் அவள் சின்னம்மா பொறுப்பெடுக்க முன்வந்திருக்கிறாள். அவள் வீட்டைப் பார்த்து, விசாரித்து, முடிவு சொல்வார்கள். அதுவும் வேலி மாதிரிதான், மெதுவாக நடக்கிறது. இந்த முறை எனக்கு அவசரம் காட்டத் தோன்றவில்லை.

7

தேசப்பன் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"இன்னா ஏழுமல, ஊர் விசயத்த ஊரு தாண்டி இட்டுனு பூட்டியே. லிஸ்ட்ல உன் பேரு இனிமே கெடையாது."

சரி என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன். எனக்கு இப்போது வலை கட்டத் தெரியுமா என்பதே சந்தேகம். சேற்றில் கால் வைத்தால் சளி பிடிக்கும். அப்படிப்பட்டவன், ஏரியில் தனக்கு இடம் இல்லாமல் போனதற்காக ஜெர்மனியில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்கு அன்றைக்கு நைனா இரண்டாவது முறை செத்தது போல இருந்தது.

செல்வம் போனை எடுக்கவில்லை. ஒரே ஒரு குரல் செய்தி அனுப்பினான். "நல்லா இருண்ணா." அவ்வளவுதான். வாழ்த்தா சாபமா என்று பல முறை போட்டுக் கேட்டேன். அவனும் கம்பத்தில் கட்டுண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்தான். அவன் மீது எனக்குக் கோபமும் இருக்கிறது, பாசமும் போகவில்லை. குடியை நிறுத்தும் சிகிச்சைக்கு அவனை அனுப்பப் பேசிக்கொண்டிருப்பதாக அந்த மேடம் சொன்னார். போவானா என்று தெரியாது.

அடுத்த ஞாயிறு இறால் தொக்கு செய்து, ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஹெல்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். நான்காவது வாரம். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு உங்கள் மேல் கோபம் இருந்தது என்று சரியான இலக்கணத்தில் சொன்னேன். தெரியும், மூன்று வாரமாக ஜன்னல் வழியாக வாசனை வந்தது என்றார். நன்றி என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சொல் எனக்கு முதல் நாளே தெரியும். அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

மகாவோடு புதன்கிழமைகளில் பேசலாம் என்று அனுமதி கிடைத்தது. முதல் புதன் அவள் அதிகம் பேசவில்லை. இரண்டாவது புதன் நிறையப் பேசினாள். வாரத்தில் மூன்று நாள் முட்டை போடுகிறார்கள். பக்கத்துக் கட்டில் பெண் குறட்டை விடுகிறாள். கணக்கு டீச்சர் நல்லவர். அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். நான் அதைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அரைகுறைத் தமிழில் ஏதோ கேட்டாள், மகா அதைத் திருத்தினாள். வீட்டில் என் தமிழைக் கேட்காதவள் மகா திருத்தியதை மட்டும் திரும்பச் சொன்னாள்.

நேரம் முடிகிற சமயத்தில் மகா நிலாவைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னாள். நிலா போனதும் கேட்டாள்.

"பெரிப்பா, அந்த மேடம் மொதல் தடவ வந்தப்ப உனுக்குப் போன் பண்ணாங்கல்ல. வூட்ல சத்தம் கேக்கலன்னு ஸ்பீக்கர்ல போட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்."

தங்கமானவன் என்று நான் சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள். கொஞ்சம் கண்டிப்பு, அவ்வளவுதான் என்று நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு அந்த வாசலில், செல்வத்துக்கும் மேடத்துக்கும் நடுவில் நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் ஞாயிறுதோறும் என்னோடு சிரித்துப் பேசியிருக்கிறாள்.

"அப்ப ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

இந்த நாட்டில் நான் எல்லாவற்றுக்கும் காரணம் எழுதிக் கொடுக்கப் பழகியவன். வேலிக்கு, விடுப்புக்கு, கயிற்றுக்கு. அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

"தப்புப் பண்ணிட்டேன் மகா. எனுக்குத் தெரிஞ்சேதான் பண்ணேன்," என்றேன்.

 திரையில் அவள் முகம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். பின்னால் யாரோ நேரமாச்சு என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பி, வரேன் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த பொதங்கெழம கூப்புடுவ இல்ல?"

கூப்பிடுவேன் என்றேன். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அவளே அழைப்பை நிறுத்தினாள்.